சரிங்க டீச்சர்

சனிக்கிழமை காலைத் தேநீர் வேளையில் மூடிக்காரரின் சட்டைப் பையில் போன் அதிரும். டப்பா ஆலையின் பிரஸ் கூடத்தில் யாரும் போனுக்குச் சத்தம் வைப்பதில்லை. வைத்தாலும் கேட்காது. அதிர்வு நெஞ்சில் ஏறியதும் அவர் தேநீர்க் கோப்பையைத் தகட்டுச் சுருளின் மேல் வைத்துவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, பக்கவாட்டுக் கதவைத் தள்ளி வெளியே போவார். மழைத்தண்ணீர் ஒழுகும் தகரக் கூரைக்குக் கீழே நின்று, போனைக் காதோடு அழுத்திக்கொள்வார்.

“ம்” என்பார். கொஞ்சம் விட்டு இன்னொரு “ம்”. எதிர்முனைப் பேச்சு காது மடலில் ஓர் ஈ ஊர்வதுபோல இருக்கும். ஈ நின்றதும், “சரிங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போனைப் பைக்குள் போடுவார். தேநீர் அதற்குள் ஆறிப்போய், அதன் மேல் ஆலைத்தூசி மெல்லிய ஆடையாகப் படிந்திருக்கும். விரலால் ஒதுக்கிவிட்டுக் குடிப்பார்.

மூடிக்காரர் என்பது தெரு வைத்த பெயர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே தகர டப்பா ஆலையில் மூடி அடிக்கிறவர். தகடு உள்ளே போகும், பிரஸ் இறங்கும், வட்டமாக ஒரு மூடி சரிந்து கூடையில் விழும், ஓட்டை விழுந்த தகடு மறுபக்கம் வெளியே வரும். அந்தக் கூடத்தில் வாயால் பேசுகிறவர் கிடையாது. பசி என்றால் வயிற்றில் இரண்டு தட்டு. மேலதிகாரி வருகிறார் என்றால் கழுத்தில் டை கட்டுவதுபோல ஓர் இழுப்பு. சூப்பர்வைசருக்கு ஆள் வேண்டுமென்றால் கைவிளக்கை முகத்தில் அடிப்பார். அதனால் அவருக்கு டார்ச் என்றே பெயராகிவிட்டது. யாராவது எதிரில் வந்து நின்று வாயசைத்தால், கட்டைவிரலைத் தூக்கி, “சரி” என்று தலையாட்டிவிட வேண்டும். அந்தச் சரிக்கு ஒப்புக்கொண்டேன் என்று பொருளில்லை. உன்னைப் பார்த்துவிட்டேன், சங்கதி எதுவானாலும் தேநீர் வேளையில் சொல், இப்போது மிஷினிலிருந்து கையை எடுக்க முடியாது என்று பொருள். புதிதாகச் சேருகிறவனுக்கு அதை முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். வெளியில் இருக்கிறவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

அவருக்குக் காது ஒரே நாளில் போகவில்லை. முதலில் குருவிகள் போயின. பிறகு கொதிக்கும் பாத்திரத்தின் மூடி ஆடுகிற ஓசை. பிறகு பெண்களின் குரல், குழந்தைகளின் குரல். லாரி வருவது இன்னும் கேட்கிறது, கதவு அறைவது கேட்கிறது, டார்ச்சின் கட்டைக் குரலில் பாதி கேட்கிறது. மற்றதையெல்லாம் உதட்டைப் பார்த்துப் படித்துக்கொள்வார். போனுக்கு உதடு இல்லை.

பேசுகிறவர் அவர் மகளின் கணக்கு டீச்சர். அந்த வருடம் நடுநிலை வகுப்புகளில் என்ன நடக்கிறதென்று பெற்றோருக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்று பள்ளியில் முடிவெடுத்திருந்தார்கள். மற்ற ஆசிரியர்கள் ஒரு தாளை அச்சடித்துப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினார்கள். தாள்கள் மழையில் கப்பலாகப் போயின. கணக்கு டீச்சர் மட்டும் சனிக்கிழமை காலைகளை அதற்கென்று ஒதுக்கிவைத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் தானே பேசினார். இந்த வாரம் என்ன பாடம், உங்கள் பிள்ளைக்கு எங்கே இடிக்கிறது, வீட்டில் எதைக் கேட்க வேண்டும். சிலர் பாதியில் வைத்துவிடுவார்கள். சிலர் கணக்கை விட்டுவிட்டுக் கழிவறை நாற்றத்தைப் பற்றிச் சண்டை பிடிப்பார்கள். கடைசிவரை பொறுமையாகக் கேட்டு, மரியாதையாகச் சரி சொல்கிற தகப்பன் ஒருவர்தான். டீச்சர் அதை ஆசிரியர் அறையிலும் சொன்னார், வகுப்பிலும் சொன்னார். அப்போது மூடிக்காரரின் மகள் பெஞ்சில் நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மதியம் வீட்டில் மனைவி கேட்பாள். அவள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். நாளெல்லாம் வெள்ளை விரிப்புகளோடு கிடப்பதால் தெருவில் அவளுக்கு வெள்ளைக்காரி என்று பெயர். ஆள் நல்ல கறுப்பு. கூப்பிட்டால், “என்ன துரை?” என்று திரும்புவாள்.

“டீச்சர் பேசுனாங்களா?”

எதிரில் நின்று கேட்டால் அவருக்குப் பிரச்சினை இல்லை. “பேசுனாங்க.”

“என்ன சொன்னாங்க?”

அவர் மூலையில் கிடக்கும் கணக்குப் புத்தகத்தை ஒரு பார்வை பார்ப்பார். மேலே திறந்திருக்கும் பக்கத்தில் என்ன படமோ அதுதான் அந்த வாரத்துப் பாடம். “முக்கோணம் நடக்குதாம்.”

“நம்ம பொண்ணு எப்படிப் போடறாளாம்?”

“பாப்பா நல்லாப் போடறாளாம்.”

“அவ்வளவுதானா? அத்தன நேரம் பேசறாங்களே.”

“பொதுவாச் சொன்னாங்க. புள்ளைங்க ஒழுக்கம், சுத்தம்.”

“கேட்டியாடி? ஏழாவது வந்தாச்சு, இன்னும் பாப்பா பாப்பான்னு கொஞ்சறாரு. நீ முக்கோணத்த நல்லாப் போடறியாம். எனக்கு ஒண்ணு போட்டுக் காட்டு.”

பாப்பா சோற்றிலிருந்து தலையைத் தூக்கமாட்டாள். “சாப்பிட விடும்மா.”

“ஏன், முக்கோணம் சாப்பிட்டா வராதா?” என்று அம்மா சிரிப்பாள். அவளுக்குப் பள்ளிக்கூடம் நான்காவதோடு நின்றுபோனது. விரிப்பை மடிக்கும்போது மூலையைச் சாய்த்து மூலையோடு சேர்த்தால் முக்கோணம் வரும் என்பது அவளுக்குத் தெரியும். மகளுக்கு அதற்கு மேலும் தெரிகிறது என்பதில், கொதிநீரில் வெந்து சுருங்கிய அவள் விரல்களுக்கு ஒரு சமாதானம் இருந்தது. சலவைக்கூடத்தில் இடைவேளையின்போது, “எங்க வீட்ல கணக்கு நல்லா வரும்” என்று போகிறபோக்கில் சொல்லிவைப்பாள்.

மழை விடாத ஒரு வாரத்தில் டெய்லர் அக்கா வந்தாள். பக்கத்து வீடு. பள்ளிச் சீருடை தைக்கிற வேலை அவளுடையது. தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு, இரண்டு பாவாடைகளை நெஞ்சோடு அணைத்தபடி உள்ளே வந்து, பையை வாசலில் உதறினாள். வீடு முழுக்க விரிப்பும் சட்டையும் கயிற்றில் தொங்கின. எதுவும் காயவில்லை. ஈரத்துணி வாடையோடு உருளைக்கிழங்கு வேகும் வாடை.

“வெள்ளைக்காரி, ஒரு வார்த்த கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். இவளோட ரெண்டு பாவாடைக்கும் இப்பவே பட்டைய மாத்திரவா, இல்ல ஒண்ண மட்டும் மாத்தவா?”

“என்னக்கா மாத்தணும்? நீலப் பட்டை நல்லாத்தானே இருக்கு.”

“நீலம் முன்கட்டுக்கு. பின்கட்டுக்குப் போறவங்களுக்குப் பச்சைல்ல.”

“யாரு பின்கட்டுக்குப் போறா?”

டெய்லர் அக்காவின் முகம் மாறியது. பாவாடையை ஒருமுறை மடித்தாள், பிரித்தாள். “என்னடி இது, தெரியாத மாதிரிக் கேக்கற. அடுத்த வாரத்துலேர்ந்து இவ பின்கட்டுதானே? கணக்கு டீச்சர்தான் பட்டைக்குச் சொன்னாங்க. அப்பாகிட்டக் கேட்டாச்சு, சரின்னுட்டாருன்னாங்க.”

பின்கட்டு என்பது பள்ளி மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற நீளக் கட்டடம். பாடத்தில் பின்தங்கியவர்களை அங்கே மாற்றுவார்கள். அங்கே எக்ஸ், ஒய் எல்லாம் கிடையாது. பொத்தான் தைப்பது, பை தைப்பது, ஒயர் பொருத்துவது. எட்டாவது முடிந்ததும் நேராக ஏதாவது ஓர் ஆலை வாசல். பின்கட்டிலிருந்து முன்கட்டுக்குத் திரும்பி வந்த பிள்ளையைத் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

“அவரா? அவரா சரின்னாரு?”

“நான் வரேன்டி. அடுப்புல வெச்சிருக்கேன்.” அடுப்பில் ஒன்றும் இல்லை. டெய்லர் அக்கா பிளாஸ்டிக் பையைக் கூட மறந்துவிட்டு மழையில் இறங்கிப் போனாள்.

மூடிக்காரர் அப்போது பின்புறம் உட்கார்ந்து, வெந்த கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தார். முதுகு இந்தப் பக்கம். பாப்பா தொங்கும் விரிப்புகளுக்கு நடுவில், அசையாமல் நின்றாள்.

“ஏங்க” என்றாள் அம்மா.

அவர் ஒரு கிழங்கை எடுத்தார்.

“உங்களத்தான். பின்கட்டுக்கு அனுப்பச் சொன்னீங்களா?”

தோல் சுருள்சுருளாகத் தட்டில் விழுந்தது.

“பேச மாட்டீங்க. செய்யறதச் செஞ்சுட்டு வாயத் தெறக்க மாட்டீங்க. நான் ஊரெல்லாம் எம்பொண்ணு எம்பொண்ணுன்னு பீத்திக்கிட்டுத் திரியறேன். எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலையா?” அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின் நின்றது. “கல்லு மாதிரி உக்காந்திருக்கறதப் பாரு!”

கல் மாதிரிதான் உட்கார்ந்திருந்தார். சூட்டில் விரலை மட்டும் அவ்வப்போது ஊதிக்கொண்டார்.

அம்மா இரண்டடி முன்னால் வந்தாள். எதுவோ அவளுக்கு உறைத்தது. காது கொஞ்சம் மந்தம் என்று தெரியும். ஆலைக்காரர்கள் எல்லோருக்கும் மந்தம்தான். அவளும் அதற்கேற்ப சத்தமாகவே பேசிப் பழகியிருந்தாள், கண்ணுக்கெதிரே நின்று. யோசித்துப் பார்த்தால், எப்போதும் கண்ணுக்கெதிரே நின்றுதான். அவர்தான் எழுந்து வந்து எதிரில் நின்றுகொள்வார்.

கோபம் போய், மிகச் சாதாரணமான குரலில் அவள் சொன்னாள்: “நான் இந்த வீட்ட விட்டுப் போறேன். இனிமே வரமாட்டேன்.”

அவர் அடுத்த கிழங்கை எடுத்தார். சூடு ஆறட்டும் என்று ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி மாற்றிப் போட்டார். விளையாடுகிற குழந்தைபோல இருந்தது.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். “எப்பலேர்ந்துடி?” என்றாள், விரிப்புகளைப் பார்த்து.

பாப்பா வெளியே வந்தாள். “எனக்குத் தெரிஞ்சு அஞ்சாவதுலேர்ந்து.”

“எங்கிட்டச் சொல்லல.”

“அப்பாவே சொல்லல. நான் எப்படிச் சொல்றது?”

“டீச்சர் பேசறது?”

“ஒண்ணும் கேக்காதும்மா அவருக்கு. லேடீஸ் குரல் சுத்தமாக் கேக்காது. அவரு வாயப் பாத்துதான்…” பாப்பாவின் உதடு கோணியது. “வீட்ல யார் நம்பருக்குப் பேசணும்னு டீச்சர் கேட்டாங்க. நான்தான் அப்பா நம்பர் குடுத்தேன்.”

“ஏன்டி?”

“பின்னம் வந்தப்பவே எனக்குப் புரியல. அப்புறம் மைனஸ் வந்துது. அப்புறம் எக்ஸ் வந்துது. ஒண்ணு புரியலன்னா அடுத்தது எப்படிம்மா புரியும்? உன் நம்பர் குடுத்தா நீ அடிப்ப. அடிச்சாக்கூடப் பரவால்ல, நீ அழுவ.”

அந்த நேரத்தில் மூடிக்காரர் தட்டை எடுத்துக்கொண்டு திரும்பினார். தரையில் உட்கார்ந்திருந்த மனைவியையும், அழுகிற மகளையும் பார்த்தார். இரண்டு உதடுகளையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் அசையவில்லை.

“என்ன ஆச்சு?” என்றார். “யாருக்கு என்ன ஆச்சு?”

அம்மா அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். பின்கட்டு என்ற சொல் வந்தபோது அவர் தட்டைக் கீழே வைத்தார்.

“நான் அப்படிச் சொல்லவே இல்லையே” என்றார். “நான் சும்மா சரின்னுதான் சொன்னேன்.”

அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கிழங்கு உப்பில்லாமல் ஆறிக் கிடந்தது. அம்மாதான் பேசிக்கொண்டே இருந்தாள். “நாளைக்குப் பள்ளிக்கூடம் போவோம். நடந்தத நடந்தபடி சொல்லுவோம். எம்புருசனுக்குக் காது கேக்காது, தெரியாமச் சரின்னுட்டாரு, எம்பொண்ண முன்கட்டுலயே வெச்சுக்குங்க, ஒக்கார வெச்சு நாங்க படிக்க வெக்கறோம்னு சொல்லுவோம். அவங்க என்ன பேயா பிசாசா?”

“அத மட்டும் சொல்லாத.”

“எத?”

“காது.” அவர் குரலைத் தாழ்த்தினார், தாழ்ந்ததா என்று அவருக்கே தெரியாததால் கையால் வாயை மறைத்துக்கொண்டார். “அடுத்த மாசம் ஆலைல காது டெஸ்ட். நிறுத்தச் சொல்ற சங்கு காதுல விழாதவன மிஷின்ல வெக்கக்கூடாதுன்னு சட்டம். போன தடவ மருந்து பீரோ கண்ணாடில நர்ஸோட விரல் தெரிஞ்சுது. அவ பொத்தான அமுக்கறப்பல்லாம் கையத் தூக்கிட்டேன். டார்ச்சோட பையன் இவ கிளாஸ்தான். பள்ளிக்கூடத்துல ஒருத்தர்கிட்டச் சொன்னா ஆலைல சொன்ன மாதிரி.”

“அப்ப சங்கு அடிச்சா என்ன பண்ணுவீங்க?”

“பக்கத்து மிஷின்காரன் கையப் பாத்துக்கிட்டே இருப்பேன். அவன் நிறுத்தினா நிறுத்துவேன்.”

அம்மா அவர் கைகளைப் பார்த்தாள். பத்து விரலும் இருந்தன. இத்தனை நாள் அதை ஒரு விஷயமாக அவள் நினைத்ததில்லை.

“வேற எதாச்சும் சொல்லுவோம்” என்றார் அவர். “வெவரம் புரியாமச் சொல்லிட்டேன்னு சொல்றேன். படிக்காத ஆள்தானே, நம்புவாங்க.”

மறுநாள் மூவரும் போனார்கள். அம்மா சலவைக்கூடத்தில் அரை நாள் கேட்டு வாங்கியிருந்தாள். ஏழாம் வகுப்பு அறை காலியாக இருந்தது. நனைந்த சாக்கட்டி வாசனை. கூரையில் மழை சரளைக்கல் கொட்டுவதுபோல விழுந்துகொண்டிருந்தது. மூடிக்காரருக்கு அது ஒன்றுதான் கேட்டது. கடைசிப் பெஞ்சில் டார்ச் உட்கார்ந்திருந்தார். அவர் பையன் யாருடைய மண்டையையோ உடைத்துவிட்டான் என்று வரச்சொல்லியிருந்தார்கள்.

“அட, மூடி! நீயுமா? உம்பொண்ணும் எவன் மண்டையவாவது ஒடச்சிட்டாளா?”

“இல்லீங்க. சும்மா டீச்சரப் பாக்க.”

“பாரு பாரு. நான் அப்புறம் பேசிக்கறேன். நம்ம கேஸ் ரத்தக் கேஸ், கொஞ்சம் இழுக்கும்.”

கணக்கு டீச்சர் உள்ளே வந்ததும் மூடிக்காரரைப் பார்த்து முகம் மலர்ந்தார். மெலிந்த பெண், தொண்டையில் எப்போதும் ஒரு கரகரப்பு. “வாங்க வாங்க. இத்தன நாளாப் பேசறோம், இன்னைக்குத்தான் நேர்ல பாக்கறேன். உங்க மாதிரி ஒவ்வொரு வீட்லயும் ஒருத்தர் இருந்தா எங்க வேல பாதி கொறஞ்சுடும்.”

அவர் டீச்சரின் உதட்டைப் பார்த்தபடி தலையாட்டினார்.

அம்மா ஆரம்பித்தாள். “டீச்சர், அது வந்து, அவரு படிக்காதவரு. நீங்க சொன்னது சரியாப் புரியாம சரின்னுட்டாரு. எம்பொண்ணுக்குப் பின்கட்டு வேணாம் டீச்சர். இன்னும் கொஞ்ச நாள் பாருங்க. நான் கூட இருந்து படிக்க வெக்கறேன்.”

டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி, அன்றைய கணக்கை அழித்துக்கொண்டே பேசினார். அவருக்கு அது பழக்கம்; மனசு கஷ்டமானால் எதையாவது அழிக்க வேண்டும். மூடிக்காரருக்கு அவர் முதுகும் அழிப்பானும்தான் தெரிந்தன. கழுத்தை நீட்டி இப்படி அப்படி எட்டிப் பார்த்தார்.

“புரியலன்னா எப்படிம்மா? ஒவ்வொரு வாரமும் விளக்கமாச் சொன்னேனே. பின்னத்துல தடுமாறறா, வீட்ல தெனமும் கொஞ்ச நேரம் உக்கார வைங்கன்னேன். சரின்னாரு. பரீட்சைக்கு முன்னாடி ஒரு தடவ வந்து பாருங்கன்னேன். சரின்னாரு, வரல. மைனஸ் வரலன்னேன். சாயங்காலம் ஒரு மணி நேரம் நிறுத்தி வெச்சு நானே சொல்லித் தரட்டுமா, உங்களுக்குச் சம்மதம்னா அனுப்பி வைங்கன்னேன். சரின்னாரு, அனுப்பல. கடைசில வேற வழியில்லாமத்தான் பின்கட்டப் பத்திக் கேட்டேன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்கன்னு மறு வாரமும் கேட்டேன். ரெண்டு தடவையும் சரின்னாரு.” டீச்சர் திரும்பினார். கண்கள் சிவந்திருந்தன. “சம்மதத்த மேல சொல்லியாச்சு. இப்ப போய் மாத்தணும்னா, நான் சொன்னது அவருக்குக் கேக்கவே இல்லன்னு யாராவது சொல்லணும். வேற என்ன காரணம் சொல்ல முடியும்?”

கடைசிப் பெஞ்சிலிருந்து டார்ச் சிரித்தார். “என்னய்யா மூடி, டீச்சர் பேசறது கேக்கலையா? காது கீது போயிடுச்சா? அடுத்த மாசம் டெஸ்ட் இருக்கு, ஞாபகம் வெச்சுக்க!”

அந்தக் கட்டைக் குரல் அவருக்கு எட்டியது. அம்மா வாயைத் திறந்தாள். அவள் பார்வை எப்படியோ அவருடைய கைகளுக்குப் போனது. பிறகு மகளின் பாவாடைக்கு, நீலப் பட்டைக்கு. இரண்டில் ஒன்றை எடுத்தால் மற்றது போய்விடும். அவள் வாய் திறந்தபடியே நின்றது.

மூடிக்காரர் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “டீச்சர், எனக்கு…” என்றார்.

“அப்பாவுக்கு எல்லாம் கேட்டுச்சு டீச்சர்.”

பாப்பாதான். அவள் டீச்சருக்கும் அப்பாவுக்கும் நடுவில் வந்து நின்றாள். டீச்சரிடம் பேசினாள், ஆனால் முகத்தை அப்பா பக்கம் பாதி திருப்பி வைத்துக்கொண்டாள், உதடு அவருக்குத் தெரிகிற மாதிரி. வீட்டில் பேசுவதுபோல, அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லாக.

“அப்பா ஒவ்வொரு வாரமும் வீட்டுக்கு வந்து எங்கிட்ட எல்லாத்தையும் சொன்னார். நான்தான் படிக்கல. சாயங்காலம் இருன்னாரு, நான்தான் இருக்கல. பின்கட்டுக்குப் போறேன்னு நான்தான் சொன்னேன். எனக்குத் தையல் பிடிக்கும். அம்மாவுக்குத் தெரிஞ்சா திட்டும்னு அம்மாகிட்டச் சொல்ல வேணாம்னு சொன்னேன். அதான் அம்மாவுக்குத் தெரியாது.”

“நெசமாவாடி?” என்றார் டீச்சர்.

“நெசம் டீச்சர்.”

டீச்சர் நம்பினாரா என்பது தெரியவில்லை. அவர் மூடிக்காரரைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க. இவ சொல்றது உண்மையா? இதுல உங்களுக்குச் சம்மதம்தானா?”

இந்த முறை உதடு நேருக்கு நேர் இருந்தது. ஒரு சொல்லும் தவறவில்லை. அவர் மகளைப் பார்த்தார். அவள் பாவாடை மடிப்போடு ஒட்டி, யாருக்கும் தெரியாமல், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். அவர்தான் அவளுக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தது. உன்னைப் பார்த்துவிட்டேன், அப்புறம் பேசிக்கொள்ளலாம், இப்போது கையை எடுக்க முடியாது.

“சரிங்க டீச்சர்” என்றார்.

வெளியே வந்ததும் அம்மா குடையை விரிக்காமலே நடந்தாள். பாப்பா ஓடிப்போய் விரித்துப் பிடித்தாள். பின்னால் மூடிக்காரர் நனைந்துகொண்டே வந்தார். யாரோ கூப்பிடுவதுபோல இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். யாரும் கூப்பிடவில்லை.

பட்டையை டெய்லர் அக்கா மாற்றித் தரவில்லை. “எனக்குக் கை வரலடி, நீயே பண்ணிக்க” என்று பச்சைத் துணியைக் கொடுத்தனுப்பிவிட்டாள். அம்மா ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து நீலத்தைப் பிரித்தாள். பிரித்த நூலின் ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. பச்சையை அவற்றின் மேலேயே வைத்துத் தைத்தாள். சலவைக்கூடத்தில் யாராவது மகளைப் பற்றிக் கேட்டால், “போறா” என்று மட்டும் சொன்னாள்.

பாப்பா பின்கட்டுக்குப் போன முதல் வாரத்துச் சனிக்கிழமை, தேநீர் வேளையில் மூடிக்காரர் வழக்கம்போல் கையைத் துடைத்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே போய் நின்றார். போனைப் பையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பின்கட்டில் வீடுகளுக்குப் போன் செய்கிற வழக்கம் இல்லை என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. உள்ளே பிரஸ் இறங்கித் தரை அதிரும்போதெல்லாம் போன்தான் அதிர்கிறதோ என்று பார்த்தார். கடைசியில் கதவிடுக்கு வழியாக டார்ச்சின் வெளிச்சம் முகத்தில் விழுந்தது. கட்டைவிரலைத் தூக்கிவிட்டு உள்ளே போனார்.

மதியம் வீட்டுக்கு வந்ததும் கைகால் கழுவவில்லை. பாப்பா சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் அவளுக்கு எதிரில், வெளிச்சம் அவள் முகத்தில் படுகிற மாதிரி, சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“இந்த வாரம் என்ன சொல்லிக்குடுத்தாங்க?” என்றார்.

“பொத்தான் தைக்க. நாலு ஓட்டைப் பொத்தான். பெருக்கல் குறி மாதிரி வரணும்.”

“ம்.”

“அப்புறம் காஜா.”

“ம். கணக்கு?”

அவள் சோற்றைப் பிசைந்தாள். “கூட்டல் போட்டாங்க. மூணாங்கிளாஸ்ல போட்டதுதான்.” சொல்லும்போது தலை குனிந்துவிட்டது. அடுப்படியில் அம்மாவின் கரண்டி நின்றது. பாப்பா காத்திருந்தாள். வழக்கமான அந்தச் சரி வரும், அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அவர் கையை நீட்டி, தகரவாடை போகாத விரலால் அவள் மோவாயைப் பிடித்து மெல்ல நிமிர்த்தினார்.

“எனக்குக் கேக்கலம்மா” என்றார். “திரும்பச் சொல்லு.”